கேட்டதும் கொடுக்காதீர்கள்

துணிக்கடையில் பில் போடும் பெண் தலை நிமிராமலே ‘போன் நம்பர் சொல்லுங்க சார்’ என்பார். பின்னால் வரிசை நிற்கும். பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நம்பர் கொடுக்காவிட்டால் பில் போட முடியாதா? முடியும். நம்பர் தந்தால்தான் ஆயிற்று என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிக அமைப்புகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘நம்பர் வேண்டாம்மா, பேப்பர் பில் போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். சண்டையே இருக்காது.

தகவல் திருட்டு என்றதும் இருட்டறையில் பத்து திரைகளுக்கு முன் உட்கார்ந்திருக்கும் சினிமா ஹேக்கர்தான் நம் நினைவுக்கு வருகிறார். சாதாரண மனிதரின் தகவலைத் திருட அவ்வளவு சிரமம் யாரும் படுவதில்லை. பெட்ரோல் பங்கில் பரிசுக் கூப்பன் பெட்டிக்குள் போட்ட சீட்டு, நகைச்சீட்டு விண்ணப்பம், ஜெராக்ஸ் கடைக் கணினியில் கிடக்கும் ஆதார், வரன் தேடும் தளத்தில் ஏற்றிய ஜாதகம் என்று எல்லாம் நம் கையாலேயே கொடுத்தவை.

கொடுத்த இடம் ஒழுங்கான இடமாக இருந்தாலும் அங்கிருந்து கசியலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் கேட்டவருக்குக் கேட்டபடி கிடைப்பதை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டு வந்தது. இதில் பாலிசி எடுத்தவர் செய்த தப்பு என்று எதுவும் இல்லை.

ஆகவே நமக்கு இரண்டு வேலைகள். கொடுப்பதைக் குறைக்க வேண்டும். கசிந்துவிட்டாலும் அதை வைத்துக்கொண்டு யாரும் உள்ளே நுழைய முடியாதபடி சில பூட்டுகளைப் போட வேண்டும். எல்லாவற்றையும் பூட்டப் பார்த்தால் ஒரு வாரத்தில் சலித்துப்போய் அத்தனையையும் விட்டுவிடுவோம். என் கணக்கில் முதலில் மூன்றைக் காப்பாற்றினால் போதும்: ஆதார், சிம், மின்னஞ்சல். வங்கி, யுபிஐ, வாட்ஸ்அப், பிஎஃப், வருமான வரி என்று மற்ற கணக்குகள் எல்லாவற்றிலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று தட்டினால் வந்து நிற்கும் இடம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஆதார் ஜெராக்ஸ்

லாட்ஜில் கேட்கிறார்கள், வாடகை வீட்டுக்குக் கேட்கிறார்கள், ஜிம்மில் சேரக்கூடக் கேட்கிறார்கள். கேட்கும் முன்பே நாம் நீட்டிவிடுகிறோம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நாடே பதறியது. இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றது. அறிவிப்பு திரும்பிப் போனாலும் அதில் சொன்ன யோசனை நல்ல யோசனைதான்: மாஸ்க்டு ஆதார்.

இது முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார். ‘மைஆதார்’ தளத்தில் உங்கள் எண்ணையும் போனுக்கு வரும் ஓடிபியையும் கொடுத்து இறக்கும்போது ‘மாஸ்க்டு’ என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அவ்வளவுதான். இதை நான்கைந்து பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டால், அவசரத்தில் முழு எண் உள்ள அட்டையை நீட்ட வேண்டி வராது. இறங்கும் கோப்புக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு: ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு. எல்லோருக்கும் ஒரே சூத்திரம். பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம் என்பதால், ‘பாஸ்வேர்டு போட்டிருக்கிறதே’ என்று நம்பி முழு எண் உள்ள கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

அடையாளம் காட்டச் சொல்லும் பல இடங்களில் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடம் தந்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாது என்று சொல்லிவிட்டது. பிறகு வந்த திருத்தத்தில் வங்கிக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் வழி கிடைத்தது. அங்கேயும் அது நம் விருப்பத்தின் பேரில்தான். லாட்ஜ் ரிசப்ஷனில் நின்று தீர்ப்பைப் பற்றி வாதாட வேண்டாம். ‘லைசென்ஸ் இருக்கு, இதை வச்சுக்கங்க’ என்று சொன்னால் போதும்.

நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: இன்ன தேவைக்கு, இன்ன நிறுவனத்துக்கு மட்டும், இன்ன தேதி, கையெழுத்து. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். புகைப்படத்தின் மேலும் எழுத்துகளின் மேலும் ஓடும்படி எழுத வேண்டும். மோசடிக்காரனை இது தடுத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நகலை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது கடினமாகும். அவனுக்கு எழுத்தில்லாத நகல் வேறு ஆயிரம் கிடைக்கும் என்பதால் உங்களுடையதை விட்டுவிடுவான்.

அடுத்தது ஜெராக்ஸ் கடை. ‘இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க அண்ணா, பிரிண்ட் எடுத்துடலாம்’ என்கிறார் தம்பி. நாமும் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் என்று மூன்றையும் அனுப்புகிறோம். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். டவுன்லோடு ஃபோல்டரில் ஊரில் பாதிப்பேரின் ஆவணங்கள் இருக்கும். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்காருபவர் யாரென்று நமக்குத் தெரியாது. பிரிண்ட் வந்ததும் அங்கேயே நின்று, நம் போனில் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதைத் தட்டுங்கள். கணினியில் இறங்கிய பிரதி அதனால் போகாது. ‘தம்பி, அந்த ஃபைலையும் ரீசைக்கிள் பின்னையும் அழிச்சிடுங்க’ என்று வாய் விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தயக்கமாகத்தான் இருக்கும். இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை நீங்கள் வரும்போதே அவர் அழித்துக் காட்டுவார்.

கைரேகை இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். 2018-ல் தெலங்கானாவில் பிடிபட்ட ஒருவர், பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, அச்சு செய்து, அவற்றை வைத்து ஆயிரக்கணக்கான சிம்களை உயிர்ப்பித்திருந்தார். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து கைரேகையை வைத்தே, ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கும் முறையும் நாட்டில் உண்டு. கிராமத்துப் பெரியவர்களுக்கு வசதியான முறைதான், திருடனுக்கும் அதே வசதி. ஆதார் செயலியிலோ தளத்திலோ ‘பயோமெட்ரிக் லாக்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் ரேகையை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது, நீங்கள் உள்பட. ரேஷன் கடையில் விரல் வைக்கும் நாளிலும், ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் நாளிலும் சற்று நேரம் திறந்துவிட்டுப் பிறகு பூட்ட வேண்டும். வீட்டில் ரேஷனுக்குப் போகிறவர் யாரோ, அவரிடம் சொல்லாமல் பூட்டிவிடாதீர்கள். மிஷின் வேலை செய்யவில்லை என்று அவர் கடைக்காரரோடு தகராறு செய்துகொண்டிருப்பார்.

சிம் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா?

ஒன்றிய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் இருக்கும் எல்லா இணைப்புகளும் பட்டியலாக வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத எண் அதில் இருந்தால் ‘இது என் எண் அல்ல’ என்று அங்கேயே குறிக்கலாம். ஐந்து நிமிட வேலை, பலருக்கு அதிர்ச்சியும் காத்திருக்கும்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் ஊர் சிம்மை டிராயரில் போட்டுவிட்டுப் போகிறார். ரீசார்ஜ் நின்றுபோகிறது. இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக்கு அது தெரியாது. உங்கள் கணக்கின் ஓடிபி யாரோ ஒரு அறிமுகமில்லாதவரின் போனில் போய் விழும். அவர் நல்லவராக இருந்தால் நான்கு நாள் எரிச்சலோடு அழித்துவிடுவார். விமானம் ஏறும் முன் ஒன்று செய்யுங்கள்: எண்ணை உயிரோடு வைக்கும் குறைந்தபட்ச ரீசார்ஜை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள், அல்லது வங்கி, ஆதார், பிஎஃப் மூன்றிலும் எண்ணை மாற்றிவிட்டுப் போங்கள்.

போன் திருட்டுப் போனால் பூட்டு போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறோம். திருடன் போனைத் திறக்க வேண்டியதில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். இதற்கும் பூட்டு உண்டு. செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று தேடிப் போட்டுக்கொள்ளலாம். அதைப் போடும்போது நிறுவனம் முதலில் வைத்திருக்கும் பின் நம்பரைக் கேட்கும். ஊகித்து அடிக்காதீர்கள், மூன்று தடவை தப்பானால் சிம் பூட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அதைவிட எளிது, இன்றே செய்யக்கூடியது: பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுவது. மேஜை மேல் கவிழ்க்காமல் வைத்த போனில் ஆறு இலக்க ஓடிபி பளிச்சென்று தெரிகிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு எந்தத் திறமையும் தேவையில்லை.

ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று டயல் செய்தால் ஐஎம்இஐ எண் வரும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். போன் போனால் போலீஸில் புகார் கொடுத்து, அதே சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைக் கொண்டு போனையே முடக்கலாம்.

யாரோ திறந்து கொடுத்த ஜிமெயில்

முதல் ஸ்மார்ட்போன் வாங்கியபோது கடைப் பையன் திறந்து கொடுத்த ஜிமெயில்தான் பலருக்கு இன்றும் இருக்கிறது. பாஸ்வேர்டு தெரியாது. மீட்பு எண் யாருடையது என்பதும் தெரியாது. அந்தக் கணக்கில்தான் தொடர்பு எண்கள், புகைப்படங்கள், வங்கி அறிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் மூன்றைப் பாருங்கள்: மீட்பு எண் உங்களுடையதா, எந்தெந்தப் போன்களிலும் கணினிகளிலும் கணக்கு திறந்திருக்கிறது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்கிறதா. முன்பு விற்ற பழைய போன் இன்னும் அந்தப் பட்டியலில் இருந்தால் அதை வெளியேற்றுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நமக்குச் சொல்லித் தந்தது பாதி தப்பு. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி என்று நிபந்தனை போட்டதும் எல்லோரும் பெயருக்குப் பின்னால் அட் 123 என்று போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்றதும் அது 124 ஆனது. கட்டாயமாக அடிக்கடி மாற்றச் சொல்வதில் பயனில்லை, நீளம்தான் முக்கியம் என்று அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டே 2017-ல் சொல்லிவிட்டது. தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டும் நான்கைந்து சொற்கள் போதும். ‘மாடிவீட்டு முருங்கை நாலுகாய் திருட்டு’ என்பது போல, ஒன்றுக்கொன்று ஒட்டாத, உங்களுக்கு மட்டும் சிரிப்பு வரும் தொடர். சினிமாப் பாட்டு வரி வேண்டாம், அது உலகத்துக்கே தெரியும். இங்கே அச்சானதும் வேண்டாம்.

நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள், பீரோவில் வையுங்கள். வீட்டுப் பீரோவை உடைக்கிறவன் நகையைத்தான் தேடுவான். ஒரே பாஸ்வேர்டைப் பத்து தளங்களுக்கு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒரு சின்ன ஷாப்பிங் தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டை எடுத்துப் பெரிய கணக்குகளில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் அன்றாட வேலை. உங்கள் மின்னஞ்சல் எந்தக் கசிவிலாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. அங்கே பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை, முகவரி மட்டும் போதும்.

கல்யாணப் பத்திரிகைக்கு ஆப் எதற்கு?

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்துதான் வருகிறது. தட்டினால் ஏதோ ‘இன்ஸ்டால்’ என்று கேட்கிறது. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஏபிகே என்று முடியும் கோப்பாக வந்தால் அது பத்திரிகை இல்லை, உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து வெளியே அனுப்பும் செயலி. போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்ற வேஷங்களிலும் இது வருகிறது. அனுப்பிய நண்பரின் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவரை வாட்ஸ்அப்பில் அல்லாமல் நேராக அழைத்துச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்ற ஆறு இலக்க எண்ணைப் போட்டு வையுங்கள். யாராவது ஓடிபியைப் பறித்தாலும் அந்த எண் இல்லாமல் உங்கள் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலை அவ்வப்போது பாருங்கள். குழுக்களில் உங்களைச் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால், பங்குச்சந்தை ‘டிப்ஸ்’ குழுக்களின் தொல்லை பெருமளவு ஒழியும்.

செயலி கேட்கும் அனுமதிகளைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: இந்த வேலைக்கு இது எதற்கு? டார்ச் லைட்டுக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? இருப்பிடம் கேட்டால் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடன் செயலிகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒருகாலத்தில் இவை தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் மாமனார் வீட்டுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்தின. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. இன்றும் ஒரு கடன் செயலி அதைக் கேட்கிறது என்றால், அது விதிக்கு வெளியே இருக்கிறது. அழித்துவிடுங்கள்.

குக்கீ, விபிஎன், ஆன்டிவைரஸ் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வீட்டில் போன் மட்டும் பயன்படுத்துகிறவருக்குச் சிஸ்டம் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பதே போதும். காசு கொடுத்து விபிஎன் வாங்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மகளின் மதிப்பெண் பட்டியலை ஸ்டேட்டஸில் போடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெருமைதான், போடுங்கள். பதிவு எண், பிறந்த தேதி, பள்ளியின் பெயர் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அழைப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்

‘சார், பேங்க்ல இருந்து பேசறோம். உங்க பேரு இது, ஆதார் கடைசி நாலு நம்பர் இது, சரிதானே?’ சரியாக இருக்கும். அதனாலேயே நம்பிவிடுகிறோம். கசிந்த தகவலின் உண்மையான பயன் இங்கேதான். பணத்தை அது நேராக எடுத்துத் தராது, உங்கள் நம்பிக்கையை வாங்கித் தரும். பிறகு மற்றதை நீங்களே கொடுத்துவிடுவீர்கள். அழைப்பவருக்கு உங்கள் விவரம் தெரியும் என்பது அவர் யாரென்பதற்குச் சான்று ஆகாது. வங்கிகள் சேவை தொடர்பாக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களைத் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகளும் ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 2025 முதல் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள், போலிகள் முதல் வரிசையிலேயே நிற்பார்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலேயே எண் அச்சிட்டிருக்கிறது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

வீடியோ காலில் சீருடையோடு வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறவர்கள் இப்போது அதிகம். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவிடமும் அத்தையிடமும் இதைத் தொலைபேசியில் விளக்கினால் மனதில் நிற்காது. ‘யார் என்ன சொன்னாலும், கட் பண்ணிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கப்பா, ராத்திரி ரெண்டு மணியானாலும் பரவால்ல’ என்ற ஒற்றை வாக்கியம் நிற்கும்.

போய்விட்டால்

பணம் போனது தெரிந்ததும் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன். அடுத்து வங்கி. பிறகுதான் சொந்தக்காரர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வழியில் எங்காவது நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

பணம் போகாமலேயே உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கலாம். இது மாதக்கணக்கில் தெரியாது. வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் வங்கி மேலாளர் ‘ஏற்கெனவே ஒண்ணு நிலுவையில இருக்கே’ என்பார். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரே நாளில் நான்கையும் வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணித்தது போல் ஆகிவிடும். கட்டணத் திட்டங்களை விற்கும் பொத்தான்கள் பெரிதாகவும் இலவச அறிக்கைக்கான இணைப்பு சிறிதாகவும் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் தென்பட்டால் அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்த வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. புகாரைக் கொடுத்த தேதிக்கான ஒப்புகையை மட்டும் தவறவிடாதீர்கள்.